ஏழாவது ராஜாவின் இடது கால்

வைகாசி 2, புதன்

இது என் வீட்டுக்காரருடைய அளவு நோட்டு. முன்பக்கம் எல்லாம் அவர் கை. தலை இத்தனை விரல், தோள் இத்தனை விரல், முழங்கால் இத்தனை விரல் என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். பின்னால் பாதி நோட்டு சும்மா கிடக்கிறது. அவர் வந்ததும், தான் இல்லாதபோது என்ன நடந்தது என்று கேட்பார். எனக்குக் கோவையாகச் சொல்ல வராது, பாதி மறந்தும் போகும். அதனால் எழுதிவைக்கிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுதுவது. பிழையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

அவர் சித்திரை 17 சாயங்காலம் வெளியே போனார். கடற்கரை மணலில் அவர் செருப்பு இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்ததாம். படகுக்காரர்கள் மூன்று நாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. செருப்பைக் கழுவி வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன். வெறுங்காலோடு ஒருவர் எவ்வளவு தூரம் போவார். வந்து எடுத்துக்கொள்வார்.

இன்று பட்டறைக்குத் திரும்பப் போனேன். மகாபலிபுரத்தில் எங்கள் பட்டறையில் அவர் சிற்பி, நான் மெருகுக்காரி. ஸ்தபதி ஐயா இன்னும் பத்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். வீட்டில் இருந்து என்ன செய்வது. கோழியைத் திறந்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் பிடித்தால் வேலை முடிந்தது. தலை வாரக் கண்ணாடியும் இல்லை. சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. குடத்துத் தண்ணீரில் பார்த்துத்தான் பொட்டு வைத்துக்கொண்டேன்.

வைகாசி 3, வியாழன்

ராஜாக்கள் ஏழு பேருக்கும் முதல் மெருகு போட்டாகிவிட்டது. எனக்கு ஏழாவதைக் கொடுத்தார்கள். அது அவர் ஒருவராகவே செய்தது.

அவருக்குத் தெரியும், ஆனாலும் ஒழுங்காக எழுதுகிறேன். ஆப்பிரிக்காவில் சூடான் என்ற நாட்டில் அந்தக் காலத்தில் குஷ் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்ததாம். அந்த ராஜாக்களில் ஐந்து பேருக்கு ஏழு சிலை. வளைகுடாவில் ஒரு கண்காட்சிக் கூடத்துக்காக அதே மாதிரி செய்து அனுப்ப வேண்டும். மேனேஜர் டேனியல் சார் பெயர்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். தகார்கா, தனுதமனி, செங்கமனிஸ்கன், அன்லமனி, அஸ்பெல்டா. இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இரண்டிரண்டு சிலை. கடைசியில் நிற்பவர் அஸ்பெல்டா. என்னோடு மெருகு போடும் அஞ்சலைக்கு நாக்கு புரளவில்லை. மூன்றாமவரைச் 'செங்கமலம் வூட்டுக்காரர்' என்கிறாள். இன்று அவள் அப்படிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

ராஜாக்கள் நெற்றியில் நாகம் ஒன்றல்ல, இரண்டு. எல்லோருக்கும் இடது கால் ஓர் எட்டு முன்னால் இருக்கிறது. முகத்தை எங்கே திருப்பி வைப்பது என்று யாரும் சொல்லாததால் கிழக்கே பார்த்து, கடல் பக்கமாக நிற்கவைத்திருக்கிறார்கள்.

வைகாசி 5, சனி

ஒரு விஷயம். நான் வாளியைத் தொடும் முன்பே ஏழாவது ராஜாவின் கால் நனைந்திருந்தது. மற்ற ஆறு பேர் காலும் காய்ந்த கல். நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

விரல் இடுக்கில் மணலும் இருந்தது. பட்டறையில் இருப்பது கல்தூள், சாம்பல் நிறம், நெறுநெறுக்காது. இது மணல்.

அவர் நோட்டில் பார்த்தேன். 'ஏழு. இடது பெருவிரல் நுனி – பீட ஓரம் – 4 விரல்.' அவருடைய அளவுக்குச்சியை வைத்துப் பார்த்தேன். மூன்றரைதான் வருகிறது. அவர் அளவு தப்பாது. இருபது வருஷத்தில் ஒரு தடவை தப்பினது இல்லை.

ரேஷனில் பச்சரிசிதான் இருந்தது. வாங்கிவந்தேன்.

வைகாசி 7, திங்கள்

சூடான்கார அம்மா வந்தார்கள். பெயர் இஹ்சான். கூடத்துக்காக வேலையைச் சரிபார்ப்பது அவர்கள்தான். நல்ல உயரம். வெள்ளைத் துணியை நம் சேலை மாதிரியே சுற்றித் தலையில் போட்டிருந்தார்கள். கையில் மருதாணி. அஞ்சலை பின்னாலேயே போய் மடிப்பு எங்கே சொருகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, சொருகவே இல்லை, சும்மா நிற்கிறது என்று ஆச்சரியப்பட்டாள்.

அவர்கள் இங்கிலீஷில் சொன்னதை டேனியல் சார் தமிழில் சொன்னார். நான் கேட்டவரை எழுதுகிறேன்.

பழைய ராஜா செத்ததும் அவருடைய தம்பிமார் எல்லோரையும் கோயிலில் வரிசையாக நிற்கவைப்பார்களாம். சாமி அதில் ஒருவரைக் காட்டும். அப்படிக் காட்டப்பட்டவர்தான் இந்த அஸ்பெல்டா. அவருடைய அம்மா, அம்மாவின் அம்மா என்று ஏழு தலைமுறைப் பெண்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்களாம். பிறகு யாரோ அந்தப் பெயர்களை உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் வடக்கேயிருந்து படை வந்தது. இந்தச் சிலைகளைக் கழுத்தில் உடைத்தார்கள், முழங்காலில் உடைத்தார்கள், கணுக்காலில் உடைத்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் மேலே ஆகிறது.

கல்லை உடைத்து அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று அஞ்சலை கேட்டாள். உடைத்தால் அந்த ராஜா இல்லாதவராகிவிடுவார் என்று நினைத்தார்கள் என்றார் அந்த அம்மா.

பிறகு ஸ்தபதி ஐயா செங்காவி குழைத்து ஏழு சிலைக்கும் கழுத்து, முழங்கால், கணுக்காலில் கோடு போட்டார். நாங்களும் உடைத்துத்தான் அனுப்ப வேண்டும். கூடத்தில் கண்டெடுத்தபடியே துண்டு துண்டாக ஒட்டி நிற்கவைப்பார்களாம். வருகிற ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு உடைப்பு. இது முதலிலேயே பேசினதுதான். உடைக்கப்போகிற உருவத்துக்குக் கண் திறக்கக் கூடாது, கருவிழிக் கோடு போடாமலே அனுப்புவோம் என்று சொல்லித்தான் ஐயா வேலையை ஒப்புக்கொண்டார். எங்கள் வீட்டில் அவர் சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

ஏழாவது ராஜாவின் கழுத்தில் கோடு போடும்போது நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

வைகாசி 8, செவ்வாய்

கண்ணாடி கிடைத்துவிட்டது.

ஏழாவது ராஜாவுக்குப் பின்னால், சுவருக்கும் சாக்குக்கும் நடுவில் இருந்தது. அவர் துண்டில் சுற்றியிருந்தது. பச்சைச் சட்டம், ஒரு மூலை உடைந்தது, எங்கள் வீட்டுக் கண்ணாடியேதான். அதில் கல்தூளோடு ஒரு பெருவிரல் அச்சு. அதை நான் துடைக்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உச்சி வெயில். தகரக் கூரை படபடவென்று சத்தம் போட்டது. கண்ணாடியோடு ராஜாவுக்கு முன்னால் வந்து, அதைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தேன், இருபது நாளைக்குப் பிறகு. என் தோளுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார்.

திரும்பினேன். ராஜாதான். என் தோள் உயரச் சிலை, குனிந்துதான் முகம் பார்க்க வேண்டும். அந்த முகத்தை ஐந்து நாளாகத் தேய்க்கிறேன், எங்கேயோ பார்த்த முகம் என்று மட்டும் இருந்தது. அவருக்கு இடது காது மடலில் ஒரு வடு உண்டு, சின்ன வயதில் கல் சில்லு பட்டது. ராஜாவுக்கு அது வலது காதில் இருக்கிறது. அவருக்கு உதடு வலது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும், ராஜாவுக்கு இடது பக்கம். எல்லாம் இடம் மாறி இருந்ததால் எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிடுகிறது. அப்படியே அவர்.

மற்ற ராஜாக்களுக்கு நல்ல படம் நாலைந்து வந்தது. ஏழாவதற்கு ஒரே படம்தான், அதிலும் முகம் நிழலில். அதனால் கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்து, தன் முகத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார்.

அவர் போன அன்றைக்கு இந்தக் கண்ணாடி விஷயமாகத்தான் எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. அதை எழுத வேண்டாம்.

கால் மூன்று விரல்.

வைகாசி 10, வியாழன்

கோமளா வந்தாள். அவருடைய தங்கை. இரண்டு பெரிய பை நிறைய சாமான், நான் சமைப்பதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டைப் பெருக்கினாள், பாத்திரம் தேய்த்தாள், பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து அதற்குக் காரியம் செய்வார்களாம். ஐயரைப் பார்த்துவிட்டார்களாம். வைகாசி 22.

"அண்ணி, அதுக்கு நீங்க ஒத்துக்கணும். கழுத்துல கெடக்கறதையும் கழட்டணும்."

நான் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். அவர் வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றேன். புல்லில் உருவம் எதற்கு, கல்லிலேயே நிற்கிறார் என்றும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. கோமளா அழுதாள். போகும்போது வாசலில் செருப்பைக் கண்டு அதைத் தாண்டாமல் சுற்றிப் போனாள்.

வைகாசி 11, வெள்ளி

அஞ்சலை ராஜாக்களின் நாகங்களுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்தாள். ஏழாவது ராஜாவுக்கு வைக்க வந்தவள், கல் சில்லென்று இருக்கிறது என்று கையை எடுத்துக்கொண்டாள். கத்திரி வெயில். மற்ற சிலையெல்லாம் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது.

ஒன்பது நாள் இருக்கிறது. உடைக்க விடக்கூடாது. வருகிற ஆளைப் பாதி வழியில் வெட்டிப்போட முடியுமா.

வைகாசி 13, ஞாயிறு

அமாவாசை. இன்று யாரும் கல்லில் உளி வைக்க மாட்டார்கள், பட்டறை லீவு. வீட்டில்தான் இருந்தேன். மீன் நறுக்கும்போது இடது பெருவிரலில் அரிவாள்மனை பட்டுவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

வைகாசி 14, திங்கள்

பட்டறைக்குள் நுழையும்போதே கூட்டம். ஏழாவது ராஜாவுக்குக் கண் திறந்திருக்கிறது.

இரண்டு கண்ணிலும் கருவிழிக் கோடு. நான் கிட்டே போகவில்லை, அஞ்சலைதான் சொன்னாள். எந்தப் பக்கம் நின்றாலும் கடலையே பார்க்கிறதாம். உடைப்பு வேலைக்கு அமர்த்தியிருந்த நாலு பேரும் சுத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். கண் திறந்தது உயிர் இருப்பது, அதன் மேல் இரும்பு படக்கூடாது என்றார்கள். ஸ்தபதி ஐயாவும் அதற்கு மறுத்துப் பேசவில்லை.

காத்து சேட்டை அது, ஆவியாக அவரே வந்து முடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று ஒருவன் சொன்னான். ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அவன் போட்டா கோடு முடி மாதிரி இருக்கும். இது நடுங்கியிருக்குது" என்றார்.

பிறகு எல்லோருடைய கையையும் ஒரு தரம் பார்த்தார். என் கையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். மீன் நறுக்கினேன் என்றேன்.

"அமாவாசையில இன்னாக்கா மீனு?" என்றாள் அஞ்சலை. "வெட்டையும் காணோம். நகந்தான் கறுத்துப்போயிருக்குது."

கால் இரண்டு விரல்.

வைகாசி 15, செவ்வாய்

கோழி ஒன்று குறைகிறது. தேடவில்லை.

வைகாசி 16, புதன்

டேனியல் சார் அங்கேயும் இங்கேயும் போன் பேசுகிறார். 24ஆம் தேதி கப்பலாம். உடைக்காமல் அனுப்பலாமா என்று கேட்டதற்கு, ஏழில் ஒன்று மட்டும் முழுசாக இருந்தால் எடுக்க மாட்டோம் என்று பதில் வந்ததாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எடுக்காமல் விடட்டும். இங்கேயே நிற்கட்டும்.

மத்தியானம் அஞ்சலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டைப் பிரிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. விடிகாலையில நான் பால் வாங்கப் போறப்ப உன்னைப் பாக்குறேன். தினம். கடல்லேருந்து குடத்துல தண்ணி கொண்டாந்து அது கால்ல ஊத்துற. மடியில மண்ணு வச்சிருக்கிற."

அவள் வேறு யாரையோ பார்த்திருக்கிறாள். நான் காலையில் குழாயடியில்தான் நிற்பேன். என் சேலைக் கரை வெள்ளை பூத்திருப்பது கல்தூள்.

நக்கிப் பார்த்தேன். அதை எழுத வேண்டாம்.

அப்படியே நான்தான் ஊற்றினேன் என்றே இருக்கட்டும். கால் எப்படி நகர்கிறது? அஞ்சலைக்கும் அளவுக்குச்சியைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு ஏழாவது ராஜா பக்கம் அவள் வரவில்லை.

வைகாசி 17, வியாழன்

ஒரு விரல்.

ஸ்தபதி ஐயா வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைப் பார்த்தார், தன் செருப்பை அதற்கு எட்டத்தில் கழற்றினார். மோர் கொடுத்தேன். கண் திறந்த உருவத்தை உடைப்பதற்கு வழி இருக்கிறது என்றார். கோயிலில் பழுது பார்க்கும்போது செய்வார்கள். ஒரு கும்பத்தில் தண்ணீர் வைத்து, உருவத்துக்கும் கும்பத்துக்கும் தர்ப்பைக் கயிறு கட்டி, உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீரில் இறக்க வேண்டும். இறங்கிவிட்டால் மிச்சம் வெறும் கல். பிறகு அந்தத் தண்ணீரைக் கடலில் சேர்த்துவிடலாம்.

"சாமின்னா நானே கூப்பிட்டுருவேன். உள்ளே இருக்கிறது யாருன்னு கண்ணைத் திறந்தவங்களுக்குத்தான் தெரியும். அவங்கதான் கூப்பிடணும்" என்றார்.

நான் மோர்ச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யோசிம்மா. அவன் எங்கிட்ட பன்னண்டு வயசுல வந்தவன். எனக்கு மட்டும் உடைக்கணும்னு ஆசையா?"

கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. திருக்கழுக்குன்றத்து மலைமேல் இருக்கும் சாமிக்கும் அதே பெயர் என்பதால் சாமியைக்கூட 'மலைமேல இருக்கிறவர்' என்றுதான் சொல்வேன். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் அட்டையை நீட்டுவேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவரைத் தண்ணீருக்கு அனுப்பு என்கிறார். மறுபடியுமா.

வைகாசி 18, வெள்ளி

இஹ்சான் அம்மா வந்தார்கள். ஏழாவது ராஜாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே கண் வைத்துப் பார்த்தார்கள். டேனியல் சார் தப்புக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இது யார் என்று கேட்டார்கள். ராஜா அஸ்பெல்டா என்றார் சார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். யாரும் என்னைக் காட்டவில்லை, அவர்களாகவே பார்த்தார்கள்.

என் பக்கத்தில் கல்திட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் பாதிக் கதைதான் சொன்னேன் என்றார்கள். டேனியல் சார் நின்றுகொண்டே தமிழில் சொன்னார்.

படை போன பிறகு, அந்த ஊர்க்காரர்கள் துண்டுகளை விட்டுவிடவில்லை. பெரிய குழி வெட்டி, ஒவ்வொரு துண்டாகத் தூக்கிவந்து, தலையைத் தலையாக, காலைக் காலாக உள்ளே வைத்து மேலே மூடிவிட்டார்கள். அதன் மேல் மண் ஏறி, ஊர் மாறி, யாருக்கும் தெரியாமல் கிடந்தது.

"அப்போ ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் தொலைஞ்சுபோய் இருந்துச்சா?" என்று டேனியல் சாரே தன் பாட்டுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அவர்களிடம் இங்கிலீஷில் கேட்டார்.

அவர்கள் பதில் சொன்னார்கள். அதை அவர் தமிழில் சொன்னார்.

"தொலையலையாம். வச்சிருந்தாங்களாம்."

அவர்கள் ஊரில் இப்போது சண்டை நடக்கிறது. அண்ணன் ஒருவர், கடைக்குப் போனவர், எங்கே இருக்கிறார் என்று இரண்டு வருஷமாகத் தெரியாது. இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை. நகம் கறுத்த என் கையை எடுத்துத் தன் மருதாணிக் கைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அப்போதுதான் வாய் வந்தது. டேனியல் சாரிடம் சொன்னேன், அவர் மொழிபெயர்த்தாரோ இல்லையோ தெரியாது. இங்கேயும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை அவர் வந்து படிக்க மாட்டார் என்று இப்போது தெரிகிறது.

சித்திரை 17. கண்ணாடி எங்கே என்று கேட்டேன். சிரித்தார். விற்றுக் குடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார். ஒரு ராஜாவுக்கு இரவல் கொடுத்திருக்கிறேன் என்றார். வேலை முடிந்ததும் கூட்டிப்போய்க் காட்ட இருந்திருப்பார். எனக்கு அன்று தலைவலி, அடுப்பில் குழம்பு தீய்ந்துவிட்டது. போய்த் தொலை என்றேன். இருபது வருஷத்தில் அவரிடம் ஒரு பேச்சுகூட 'ங்க' இல்லாமல் நான் பேசினதில்லை. அன்றைக்கு மட்டும் 'ங்க' போடவில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

போய்த் தொலைந்தார். நான் சொன்னதுதான் நடந்தது.

கண்ணையும் நான்தான் திறந்தேன். அமாவாசையன்று வேலி வழியாக உள்ளே போய், அவர் உளியை எடுத்து, இடது கையில் அது நிற்காமல் மூன்று தடவை நகத்திலேயே அடித்துக்கொண்டு. உடைக்கக் கூடாது என்பதற்காக. அவர் வந்துவிடுவார் என்பதற்காக.

வைகாசி 20, ஞாயிறு

கால் பீட ஓரத்துக்கு வந்துவிட்டது. பெருவிரல் நுனி ஓரத்தைத் தொடுகிறது, நடுவில் ஒரு நூல் போகாது. ஸ்தபதி ஐயா குச்சியை வைத்துப் பார்த்தார். குச்சியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

காலை பத்து மணி. கும்பம் வைத்தார்கள். தர்ப்பைக் கயிற்றின் ஒரு முனையை ராஜாவின் இடது காலிலும் மறுமுனையைக் கும்பத்திலும் கட்டினார்கள். ஆட்கள் எல்லோரும் வெளியே வேலியோரம் நின்றார்கள். கோமளாவுக்கு அஞ்சலை சொல்லி அனுப்பியிருந்தாள், அவளும் வந்திருந்தாள். இஹ்சான் அம்மா தலைத்துணியை இழுத்து மூடிக்கொண்டு நின்றார்கள்.

ஐயா தலையசைத்தார். குனிந்து காதுக்குக் கிட்டே போனேன். எந்தக் காது என்று ஒரு நொடி குழம்பினேன். பிறகு வடு இருக்கிற காதில் சொன்னேன்.

"வேதகிரி."

என் குரலில் அந்தப் பெயரை நானே இன்றுதான் கேட்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. காற்றுகூட இல்லை.

"வேதகிரி, கோவத்துல சொல்லிட்டேங்க. நீங்க தொலைய வேணாம். போங்க. போயிட்டு இருங்க. எங்க இருக்கீங்களோ அங்க இருங்க."

கும்பத்துத் தண்ணீர் ஒரு தரம் அசைந்தது. கிணற்றில் வாளி விழுந்தால் அசைகிற மாதிரி, நடுவிலிருந்து ஓரத்துக்கு. பிறகு நின்றது. நான் கயிற்றைத் தொடவில்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

கயிற்றை அவிழ்த்தோம். நானும் கோமளாவும் கும்பத்தைக் கடலுக்குத் தூக்கிப்போனோம். பட்டறைக்குக் கொண்டுவந்தபோது அதில் அரைக் குடம் தண்ணீர்தான் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்தும் வழியில் நாலு தடவை இறக்கிவைக்க வேண்டியிருந்தது. கோமளா என் முகத்தைப் பார்த்தாள். முழங்கால் ஆழத்தில் நின்று சாய்த்தேன்.

திரும்பி வந்தபோது தலை தனியாக வைக்கோல் மேல் இருந்தது. கழுத்தில் போட்ட காவிக் கோட்டில் ஒரே அடியில் விட்டுவிட்டதாம். உடைந்த இடம் உள்ளே ஈரமாக இருந்ததாம். ஐயா சொன்னார். நான் தொட்டுப் பார்க்கப் போகவில்லை.

வைகாசி 21, திங்கள்

துண்டுகளைப் பெட்டியில் வைத்தோம். நான்தான் வைப்பேன் என்றேன், யாரும் குறுக்கே வரவில்லை. தலையைத் தலையாக, காலைக் காலாக. வைக்கோல், சாக்கு, மறுபடி வைக்கோல். இஹ்சான் அம்மா எதிரே மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள்.

பீடம் கடைசி. அதைக் கவிழ்த்துப் போடச் சொன்னேன். அடிப்பக்கம் யாரும் பார்க்காத இடம். அவர் உளியை எடுத்து நாலு எழுத்து வெட்டினேன். வே கோணலாக வந்தது, மற்றது பரவாயில்லை. ஸ்தபதி ஐயா பார்த்தார். பிறகு வேறு வேலை இருப்பது மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். இஹ்சான் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்கள்.

நிமிர்த்தினோம். கணுக்காலோடு இரண்டு பாதம் மட்டும் பீடத்தின் மேல். காய்ந்த கல். வெயில் பட்டுச் சூடாக இருந்தது. அளவுக்குச்சியை வைத்தேன்.

நாலு விரல். அவர் எழுதியபடி.

சாயங்காலம் கண்ணாடியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன். அதிலிருந்த பெருவிரல் அச்சைத் துடைக்கவில்லை, அதற்குப் பக்கத்தில் தெரிகிற இடத்தில் முகம் பார்த்துக்கொண்டேன். நாளைக்கு 22. கோமளாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

கோழியை அடைக்க வெளியே போனபோதுதான் பார்த்தேன். வாசலில் செருப்பு இல்லை. நாளைய காரியத்துக்காக வந்து தங்கியிருந்த கோமளாவைக் கேட்டேன், நான் தொடவே இல்லையே அண்ணி என்றாள். இருந்த இடத்தில் இரண்டு பாத அளவுக்கு ஈரம்.

நான் தேடவில்லை.